அங்கவடி இல்லாத குதிரை

‘ரோமானியப் படைவீரன் குதிரையில் ஏறிக் கிளம்பினான்.’ கதை எழுதுபவருக்கு இந்த ஒரு வரி போதும். அடுத்த வரியில் அவன் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். அதே பக்கத்துக்குப் படம் போட உட்காருபவருக்குத்தான் வேலை ஆரம்பம். எதில் மிதித்து ஏறினான்? ஏறிய பிறகு கால் எங்கே தொங்கும்? சேணத்திலிருந்து கால் வைக்கத் தொங்கும் அங்கவடி என்ற ஒன்றே ரோமானியர்களிடம் கிடையாது. கட்டையால் செய்த குதிரையின் மேல் தாவித் தாவி ஏறிப் பழகினார்கள் என்று வெஜீஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். முதலில் வெறுங்கையோடு, பிறகு ஆயுதத்தோடு, இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும். இதெல்லாம் தெரியாமலே நாவலாசிரியர் முந்நூறு பக்கம் எழுதிவிடலாம். ஓவியரால் ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியாது.

அங்கவடி ஐரோப்பாவுக்கு வந்தது ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிலிருந்து குதிரை மேல் வந்த அவார் மக்களோடு. அவர்கள் குடியேறியது இன்றைய ஹங்கேரிச் சமவெளியில். ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய அங்கவடிகள் அங்கே அவர்களுடைய கல்லறைகளிலிருந்து எடுத்தவைதான். அந்த ஹங்கேரியில் பிறந்த ஒருவர் இங்கிலாந்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்கு அவர்களுடைய வரலாற்றையே வரைந்து காட்டினார். விக்டர் ஆம்ப்ரஸ். 300-ஐ ஒட்டிய புத்தகங்கள். சரித்திரக் கதைகள், செவ்விலக்கியங்களைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதியவை, குதிரையும் நாயும் நிறைந்த கதைகள் எல்லாம் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில், தமது 85-ஆம் வயதில் மறைந்தார்.

1935-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். நகரத்துப் பையன்தான் என்றாலும் விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போவார். அங்கேதான் குதிரைகளைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றார். பொதுக் கட்டடங்களின் சுவர்களில் ஹங்கேரியப் போர்களைச் சித்தரிக்கும் பிரம்மாண்டமான ஓவியங்கள் இருந்தன. அவற்றின் முன்னால் நின்று வளர்ந்த தலைமுறை அது. பிறகு நுண்கலைக் கல்லூரி. பழைய பாணிப் படிப்பு: உடற்கூறு, உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைவது, அச்சுக்கலை. அக்காலத்தில் மேற்கு ஐரோப்பியக் கலைப் பள்ளிகள் பலவும் உடற்கூறுப் பாடத்தைக் கிட்டத்தட்டக் கைகழுவிக்கொண்டிருந்தன. ஆம்ப்ரஸுக்கோ எந்த எலும்பு எந்தத் தசைக்குக் கீழே ஓடுகிறது என்பது கைக்கே மனப்பாடம்.

1956-ல் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான எழுச்சி வெடித்தபோது அவர் மூன்று வருடம் படித்து முடித்திருந்த மாணவர். டாங்கிகள் திரும்பி வந்து எழுச்சியை நசுக்கிய பின், எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குத் தப்பினார். டிசம்பரில் இங்கிலாந்து. ஹாம்ப்ஷயரில் அகதிகளுக்கு ஒதுக்கிய ராணுவ முகாம் ஒன்றில் இருந்துகொண்டு, பக்கத்தில் எங்கே ஓவியப் பள்ளி இருக்கிறது என்று தேடினார். ஃபார்ன்ஹாம் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். அவருக்கு முதலில் கிடைத்த புத்தகவேலைகளில் ஒன்றின் தலைப்பே வெள்ளைக் குதிரைகளையும் கருங்காளைகளையும் பற்றியது. ஊர் மாறினாலும் குதிரை விடவில்லை.

அவர் வந்து இறங்கிய நேரம் நல்ல நேரம். நூலகங்களும் பள்ளிகளும் சிறுவர் நூல்களை அள்ளி அள்ளி வாங்கிய காலம் அது. கேட் கிரீனவே பெயரில் ஓவியர்களுக்கென்று தனிப் பதக்கத்தை நூலகர்கள் 1955-ல் ஏற்படுத்தியிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சிறுவர் நூல் பிரிவில் மேபல் ஜார்ஜ் என்றொரு ஆசிரியர் இருந்தார். புத்தகம் பக்கமே வராத இளம் ஓவியர்களைத் தேடிப் பிடிப்பது அவர் பழக்கம். பிரையன் வைல்ட்ஸ்மித், சார்லஸ் கீப்பிங் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆம்ப்ரஸும் அதில் சேர்ந்தார். ஹெஸ்டர் பர்ட்டனின் சரித்திர நாவல்கள், ரோஸ்மேரி சட்க்ளிஃபின் சிறு நாவல்கள் சில, கே. எம். பெய்ட்டனின் ‘ஃபிளம்பார்ட்ஸ்’ ஆகியவற்றுக்கு அவர்தான் படம். கடைசியாகச் சொன்னது 1967-ல் வந்தது; முதல் உலகப் போருக்கு முந்தைய கதை. அந்த வீட்டில் பெரியவருக்கு வேட்டைக் குதிரை தவிர உலகில் வேறெதுவும் இல்லை. ஒரு மகனுக்கோ துணியும் மரச்சட்டமும் வைத்துக் கட்டிய அந்தக்கால விமானத்தின் மேல்தான் கண். குதிரை வரையத் தெரிந்தவருக்கு ஒரே புத்தகத்தில் இரண்டு காலத்தையும் வரையும் வாய்ப்பு.

இந்த நாவல்களுக்குள் வருபவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். அதற்குக் காரணம் ரசனை பாதி, அச்சகம் பாதி. ‘லைன் பிளாக்’ என்பது துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுப்பது. அதில் மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம் என்று இரண்டே நிலைதான். சாம்பல் நிறம் என்ற பேச்சே இல்லை. எழுத்து அச்சாகும் அதே மலிவான தாளில், அதே ஓட்டத்தில் படமும் அச்சாகிவிடும். தனியாக ஆர்ட் பேப்பர் வேண்டாம், பைண்டிங்கில் தனித்தாள் ஒட்டும் செலவும் இல்லை. நம் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைப் படங்களும் அந்நாளில் இந்தக் கட்டுக்குள்தான் வாழ்ந்தன. ஆக, நிழல் வேண்டுமென்றால் கோட்டை நெருக்கிப் போட வேண்டும், மாலை வெளிச்சம் வேண்டுமென்றால் கோட்டை விட்டுவிட வேண்டும். செதுக்கச்சும் கல்லச்சும் படித்தவர் என்பதால் ஆம்ப்ரஸின் பேனாவுக்கு இது சிறையாக இல்லை. சுழித்து, கீறி, சட்டென்று தடித்து ஓடும் கோடு அவருடையது. பக்கத்தில் ஒரு குதிரை திமிறினால் கோடே திமிறுவது போலிருக்கும்.

குதிரை விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். எனக்குக் குதிரை வரையச் சொன்னால் நாய்க்குக் குளம்பு வைத்தது போலத்தான் வரும். தவறு பின்னங்காலில் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. குதிரையின் பின்னங்கால் நடுவில் பின்பக்கமாக மடிகிறதே, அதை முழங்கால் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது முழங்கால் இல்லை, குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி மறைந்திருக்கிறது. முன்னங்காலில் முட்டி மாதிரி தெரிவதும் நம்முடைய மணிக்கட்டுக்கு இணையானது. குளம்பு என்பது ஒற்றை விரலின் நகம். அதாவது அரை டன் எடையுள்ள மிருகம் நான்கு நகங்களின் நுனியில் நின்றுகொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் வரைந்தால் குதிரைக்கு எடை வரும். புரியாதவர் வரைந்தால் மரக்கால் மேசை வரும்.

ஓட்டம் இன்னும் மோசம். பந்தயக் குதிரை நான்கு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பது போலத்தான் காலங்காலமாகப் பெரிய ஓவியர்களே வரைந்துவந்தார்கள். 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள் அந்தக் கதையை முடித்தன. நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் கணம் உண்டுதான். ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டு கிடக்கின்றன. அதற்குப் பிறகு ஓவியருக்கு ஒரு தர்மசங்கடம்: கேமரா சொன்னதை அப்படியே வரைந்தால் குதிரை உறைந்து நிற்கிறது; பழையபடி நீட்டி வரைந்தால் பொய். ஓட்டத்தின் எந்த நொடியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த நொடி கண்ணுக்குள் தானாக வரும் என்பதில்தான் கைத்திறன். 1975-ல் ஆம்ப்ரஸுக்குக் கிரீனவே பதக்கம் இரண்டாம் முறையாகக் கிடைத்தபோது, குறிப்பிடப்பட்ட இரண்டு புத்தகங்களில் ஒன்று போர்க்குதிரைகளைப் பற்றியது. முதல் முறை 1965-ல். அது ஹங்கேரிய நாட்டுப்புறக் கதை ஒன்றைத் தாமே எழுதி வண்ணத்தில் வரைந்தது. அதில் வரும் மூன்று ஏழைத் தையற்காரர்களுக்கு வாகனம் குதிரையல்ல, ஆடு.

மிருகக் கதைக்குப் படம் போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ‘பிளாக் பியூட்டி’யை எடுத்துப் பார்க்கலாம். அன்னா சிவெல் 1877-ல் வெளியிட்ட அந்தக் கதையில் குதிரையே தன் வாழ்க்கையைச் சொல்கிறது. அதன் பெரிய குமுறல்களில் ஒன்று ஒரு வார். வண்டிக் குதிரை எப்போதும் கழுத்தை வளைத்துத் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அப்போதைய நாகரிகம். அதற்காகக் கடிவாளத்திலிருந்து முதுகுப் பட்டைக்கு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மேட்டில் பாரம் இழுக்கிற குதிரை தலையைத் தாழ்த்தி, தோளைக் கழுத்துப் பட்டையில் முட்டுக்கொடுத்து இழுக்கும், மாடும் அப்படித்தான். தலையைத் தூக்கிக் கட்டிவிட்டால் அந்த வலு போய்விடும், கழுத்தும் முதுகும் நோகும். இந்தக் கதைக்குப் படம் போடுபவர் நிமிர்ந்த தலையோடு கம்பீரமான குதிரை ஒன்றை அழகாக வரைந்து வைத்தால், எழுத்தாளர் எதை எதிர்த்து எழுதினாரோ அதற்கே விளம்பரம் செய்ததாகிவிடும். வார் எங்கே ஓடுகிறது, காது எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதிலேயே கதை இருக்கிறது. குதிரைக்குப் புருவம் இல்லை. கோபமென்றால் காதைப் பிடரியோடு ஒட்டப் படுக்கவைக்கும், ஆர்வமென்றால் முன்னால் நிமிர்த்தும். மனித முகபாவத்தை அதன் மேல் ஒட்டவைக்கும் ஓவியரை எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை.

இந்த வகையில் இங்கிலாந்தின் உச்சம் என்று நான் சொல்வது சார்லஸ் டன்னிக்ளிஃபை. 1901-ல் பிறந்து பண்ணையில் வளர்ந்தவர். நீர்நாய் ஒன்றின் வாழ்க்கையைச் சொல்லும் ‘டார்கா’வின் 1932-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அவர் செதுக்கிய மரச்செதுக்குப் படங்கள்தான் பேர் வாங்கித் தந்தன. பின்னாளில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் குடியேறினார். அங்கே செத்துக் கிடந்த பறவைகள் கைக்குக் கிடைக்கும்போதெல்லாம் இறகு இறகாக அளந்து, உயிரளவுக்கு வரைந்து வைத்தார். புத்தகத்தில் பார்ப்பது நிலவொளியில் பாயும் பறவை. அதற்குக் கீழே பல வருட அளவுகோல் வேலை இருக்கிறது. பிரிட்டனில் புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலங்களோடு வந்த பறவைப் படங்களையும் அவர் வரைந்திருக்கிறார் என்பது ஒரு கொசுறுச் செய்தி.

செவ்விலக்கியத்தில் தொல்லை வேறு மாதிரி. அங்கே ஆதாரம் குறைவு என்பதல்ல பிரச்சினை. ஏற்கெனவே யாரோ வரைந்துவிட்டார்கள் என்பதுதான். ஷெர்லாக் ஹோம்ஸின் இரட்டை விளிம்புத் தொப்பிக்குப் பிரபலமான ‘டீர்ஸ்டாக்கர்’ என்ற பெயர் கதையில் எங்குமே வருவதில்லை. அந்தத் தொப்பி 1891-ல் சிட்னி பேஜெட் போட்ட படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, இன்றுவரை கழற்ற முடியவில்லை. வந்தியத்தேவன் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மணியம் போட்ட முகம் வருகிறதே, அது போல. டான் கிஹோட்டேயின் ஒல்லி உருவமும் 1863-ல் குஸ்தாவ் டோரே வரைந்து உலகத்துக்கே பொதுவாகிப்போனது. 1990-களில் ஆக்ஸ்ஃபோர்டு அதே கதையைச் சிறுவர்களுக்காகக் கொண்டுவந்தபோது வரைந்தவர் ஆம்ப்ரஸ். அதே வரிசையில் ‘ஒடிஸி’, ‘மோபி டிக்’. அதற்கு முன்பே, 1984-ல், ‘கேன்டர்பரி கதைகள்’. டோரேயைப் பார்க்காதவர் போல நடிக்கவும் முடியாது, நகலெடுக்கவும் கூடாது. ஆனால் டான் கிஹோட்டேயின் குதிரை ரோசினான்டே இருக்கிறதே, எலும்பும் தோலுமான கிழட்டுக் குதிரை, அதை வரையத் தசைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். கொழுத்த குதிரையில் தவறுகள் ஒளிந்துகொள்ளும், மெலிந்த குதிரையில் ஒளிய இடமே கிடையாது. புடாபெஸ்ட் உடற்கூறு வகுப்புக்கு அதைவிடக் கடினமான பரீட்சை அமையாது.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷ் நூலகங்களின் பணம் சுருங்கியது. பெரிய பிள்ளைகளுக்கான நாவல்களிலிருந்து உள்படங்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. பல ஓவியர்களின் கதை அதோடு முடிந்தது. ஆம்ப்ரஸுக்கு ஒரு இரண்டாம் வாழ்க்கை வாய்த்தது, அதுவும் டிவியில். 1994-ல் சானல் 4 தொடங்கிய ‘டைம் டீம்’ நிகழ்ச்சிக்குச் சட்டம் எளிது: ஓர் இடத்தைத் தொல்லியலாளர்கள் மூன்றே நாள் தோண்டுவார்கள், கிடைத்ததை வைத்து அங்கே என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். குழிக்கு அருகில் ஆம்ப்ரஸ் பென்சிலோடு இருப்பார். இவர்கள் இங்கே சுவர் என்றால் அவர் சுவரை எழுப்புவார். மறுநாள் அது சுவரல்ல, வடிகால் என்றால் தாளைத் திருப்பிவிட்டு மறுபடியும் வரைவார்.

தொல்லியல் அறிக்கையில் ‘இருந்திருக்கலாம்’ என்ற சொல் தாராளமாகப் புழங்கும். மண்ணில் வட்டமாகப் பத்துக் கம்பக்குழிகள் தெரிந்தால் ‘கூரையுள்ள கட்டடமாக இருந்திருக்கலாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். கோட்டால் ‘இருந்திருக்கலாம்’ என்று சொல்ல முடியாது. கூரை எத்தனை உயரம், என்ன சரிவு, வாசல் குனிந்து போகிற மாதிரியா நிமிர்ந்தா? எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பதில்தான் தாளில் விழும். ஆம்ப்ரஸுக்கு முந்தைய தலைமுறையில் ஆலன் சொரெல் என்ற ஓவியர் இதே வேலையைச் செய்தார். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். 1945-ல் நம் அரிக்கமேட்டில் தோண்டிய அதே வீலர்தான். சொரெல் வரைந்த ரோமானிய நகரங்களின் மேல் எப்போதும் கருமேகம் திரண்டிருக்கும், புகை சுழலும். மனநிலைக்காக என்று விமர்சகர்கள் சொல்வார்கள். தெரியாத இடத்தை மூடவும் புகை உதவும் என்பது என் சந்தேகம். ஆம்ப்ரஸ் அந்த இடங்களில் ஆட்களை நிறுத்துவார். கூட்டம், வண்டி, வேலை செய்பவர்கள். சுவர் ஓரம் சரியாகத் தெரியாவிட்டாலும் சந்தையின் இரைச்சல் கேட்கும்.

வரைந்த தவறு எளிதில் சாகாது என்பதற்கு வைக்கிங்குகளின் கொம்பு வைத்த தலைக்கவசமே சாட்சி. அப்படி ஒன்றை அவர்கள் அணிந்ததற்கு ஆதாரம் கிடையாது. 1876-ல் வாக்னரின் இசை நாடகத்துக்கு டோப்ளர் என்பவர் வடிவமைத்த உடைகளிலிருந்து புத்தகங்களுக்குள் புகுந்தது. இன்று பொம்மைக் கடை வரை வந்துவிட்டது. இரும்புக்கால வட்டக் குடில்களின் கதையும் அப்படியே. கூரை உச்சியில் புகை போக ஒரு துளை வைத்துத்தான் ஓவியர்கள் வரைந்துவந்தார்கள். 1970-களில் ஹாம்ப்ஷயரின் பட்சர் பண்ணையில் பீட்டர் ரெனால்ட்ஸ் அத்தகைய குடில்களை நிஜமாகவே கட்டி, உள்ளே தீ மூட்டி, வருடக்கணக்கில் சோதித்தார். துளை வைத்தால் காற்று தீப்பொறியை மேலே இழுத்துக் கூரையே பற்றிக்கொள்ளும். துளை தேவையும் இல்லை. புகை வைக்கோல் வழியாகத் தானே கசிந்து வெளியேறிவிடும். கீற்றுக் கூரையடியில் விறகடுப்பு எரித்த எந்த அம்மாச்சியைக் கேட்டிருந்தாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார்.

ஆரம்பத்தில் விட்டுவந்த ரோமானியன் இன்னும் குதிரை மேல் இருக்கிறான். அங்கவடி இல்லாததால் அவனால் உறுதியாக உட்கார்ந்து போரிட முடிந்திருக்காது, அதனால் ரோமானியக் குதிரைப்படை பலவீனமானது என்ற கருத்து நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அதை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு புத்தக ஓவியர். பீட்டர் கானலி, அவரும் 1935-ல் பிறந்தவர். பண்டைய படைகளைப் பற்றிச் சிறுவர்களுக்கான நூல்களைத் தாமே எழுதி வரைந்துவந்தவருக்கு, சேணத்தை எப்படி வரைவது என்பது தலைவலியாக இருந்தது. ரைன் நதிக்கரையில் கிடைத்த கல்லறைச் சிற்பங்களில் சேணத்தின் மூலைகளில் ஏதோ புடைப்புகள் தெரிந்தன. அகழாய்வுகளில் சேணத்தின் தோல் துண்டுகளும், கொம்பு மாதிரி வளைந்த வெண்கலத் தகடுகளும் கிடைத்திருந்தன. மூன்றையும் சேர்த்து முன்னால் இரண்டு, பின்னால் இரண்டாக நான்கு கொம்புகளோடு ஒரு சேணத்தைச் செய்து, சவாரி தெரிந்தவர்களை ஏற்றிப் பார்த்தார். முன்கொம்புகள் தொடையைக் கவ்விப் பிடித்தன, பின்கொம்புகள் இடுப்புக்கு முட்டுக்கொடுத்தன. பக்கவாட்டில் சாய்ந்து வாளை வீசினாலும் ஆள் விழவில்லை.

1980-களுக்கு முந்தைய சிறுவர் புத்தகங்களில் ரோமானியக் குதிரைவீரன் பல நேரங்களில் ஒரு கம்பளத்தின் மேலோ, எதுவும் தெளிவாகத் தெரியாத ஒரு போர்வையின் மேலோ உட்கார்ந்திருப்பான். பிந்தையவற்றில் தொடையருகே அந்தக் கொம்பு தலைகாட்டும். பழைய புத்தகக் கடையில் முன்பக்கம் கிழிந்து, வருடம் தெரியாத ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது குதிரை வரும் பக்கத்தைத்தான்.